சாப்பாட்டு நேரத்துக் கோப்பு

ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாள்தோறும் ஃப்ராங்க்ஃபர்ட் நேரம் மாலை 4 மணி வாக்கில் ஒரு சின்னக் கோப்பை வெளியிடுகிறது. ஒரு யூரோவுக்கு எந்த நாணயம் எவ்வளவு என்று சுமார் 30 வரிகள், அவ்வளவுதான். நமக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம். அதை எடுத்து கிளவுட் டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலைகளில் ஆகச் சின்னது. எனக்குப் பிடித்ததும் அதுதான். எண்களின் உருவத்தைப் பார்க்க வேண்டும்! பவுண்டு பூஜ்ஜியத்தில் தொடங்கி, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இழுக்கும். யென் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். இந்தோனேசிய ருபியா ஐந்திலக்கத் தொப்பையோடு வந்து உட்காரும்.

கைப்பக்குவம் தெரிவது ஏற்றும் இடத்தில். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் ஃப்ளோட் வகை 0.30000000000000004 என்று வால் முளைத்த விடை தரும்; டெசிமல் என்று வைத்துவிட்டால் வந்த எண் வந்தபடியே இருக்கும். தேதியும் நாணயக் குறியீடும் சேர்ந்து ஒரு சாவி. பாதியில் இணைப்பு அறுந்து மறுபடி ஓட்டினாலும் எந்த வரியும் இரட்டிக்காது. சாவி வைக்காமல் ஒரே நாளை மூன்று முறை ஏற்றிவிட்டு முழித்தவன் நான், அதனால் அந்தச் சாவியின் அருமை தெரியும். சத்தமே இல்லாத வேலை. முடிந்ததும் லாகில் 'பிழை 0' என்று ஒற்றை வரி விழும். அதைப் பார்த்த பிறகுதான் தட்டில் கை வைப்பேன். சனி, ஞாயிறு கோப்பு வராது. வெள்ளிக்கிழமை மதிப்பே திங்கள் மாலைவரை ஓடும்.