நின்று எரியும் கரி

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வாட்டுபவர்களுக்குக் கடுஞ்சூடு தேவையில்லை, மாறாத சூடுதான் தேவை. 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக வெந்தால்தான் அந்த முரட்டு இறைச்சியின் கொலாஜன் ஜெலட்டினாக இளகும். இதற்கு அச்சில் வார்த்த கரிக்கட்டியே ஏற்றது என்பேன். கரித்தூளை மாவுப்பசையோடு இறுக்கிச் செய்வதால் எல்லாக் கட்டிகளும் ஒரே அளவு, ஒரே அடர்த்தி. 1920களில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் கார்களுக்கு மரம் அறுத்த மிச்சத்தை இப்படித்தான் பயனாக்கியது. கட்டிகளை வரிசையாக அடுக்கி ஒரு முனையில் நெருப்பு வைத்தால், ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றி மணிக்கணக்கில் நிதானமாக எரியும்.

வெறும் மரக்கரிதானே கலப்பற்றது, சாம்பலும் குறைவு என்பார்கள். உண்மைதான், அதிகச் சூட்டில் சட்டென்று வாட்டும் கறிக்கு அதுவே சிறந்தது. ஆனால் அதில் பெரிய துண்டும் பொடியும் கலந்திருப்பதால் காற்றோட்டம் சீராக இராது, சூடு ஏறி இறங்கும். மணம் குறையுமே என்ற கவலையும் வேண்டாம். மரம் கரியாகும்போதே அதன் புகையில் பெரும்பகுதி போய்விடுகிறது. மணத்தைத் தருவது மேலே வைக்கும் ஓக், ஹிக்கரி மரத்துண்டுகள். எரிதிரவம் ஊறிய கட்டிகளை மட்டும் தவிர்க்க வேண்டும், அந்த வாடை கறியில் ஏறும். கரியிடம் சூட்டையும் மரத்திடம் மணத்தையும் கேட்பவரே சரியாகத் தேர்ந்தெடுக்கிறார்.