பொன்னியின் செல்வனில் பேசாத இருவர்

பதினைந்து வயதில் விரும்பிப் படித்த நூலொன்றை ஐம்பது கடந்தபின் மீண்டும் கையிலெடுப்பது, அந்நூலைச் சோதனைக்கு உட்படுத்துவதாகும். சில நூல்கள் அச்சோதனையில் நிறம் வெளுத்துப் போகின்றன. வேறு சில, அன்று காட்டாத முகமொன்றை இன்று காட்டுகின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பது நமது துணிபு.

1950 முதல் 1954 வரை, மணியத்தின் ஓவியங்களோடு ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, ஐந்து பாகங்களாக விரிந்த நூல் இது. வரலாற்றுப் புதினம் என்றே இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் இதனை வகைப்படுத்துவர். ஆனால் இளவயதில் இதனை யார்தான் வரலாறாகப் படித்தார்? வானில் வால்நட்சத்திரம்; குடந்தை சோதிடரின் குடிசை; நள்ளிரவுச் சதிக்கூட்டம்; சுரங்கப் பாதைகள்; மந்திரவாதி ரவிதாசன்; இவற்றிற்கு இடையே இரண்டு ஓலைகளைச் சுமந்துகொண்டு குதிரையேறிப் புறப்படும் ஓர் இளைஞன். ஒரு பொருளைத் தேடியோ, ஒரு பணியை ஏற்றோ, அறியாத நிலங்களைக் கடந்து செல்லும் வீரனின் மாயக்கதை உலக மொழிகள் பலவற்றில் உண்டு. நம் தலைமுறைத் தமிழ்ச் சிறுவர் பலருக்கு அந்தக் கதை வந்தியத்தேவனின் பயணமாகவே வாய்த்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு இந்நூலோடு இன்னுமோர் உறவு உண்டு. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் கதை தொடங்குகிறது. அதே நாளில் மேட்டூரிலும் பவானி கூடுதுறையிலும் பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் நம் மக்கள் காவிரிக்கரையில் கூடுகின்றனர். கல்கி பாடும் வயல்கள் சோழநாட்டவை. ஆயினும் அவ்வயல்களுக்குப் பாயும் நீர் முதலில் நம் கரைகளைத் தொட்டே செல்கிறது. ஆதலால் ‘பொன்னி’ என்ற பெயர் நமக்கு அயற்பெயர் அன்று.

அந்தப் பெயரிலிருந்தே நமது மறுவாசிப்பும் தொடங்குகிறது. இளவரசர் அருள்மொழிவர்மருக்குப் பொன்னியின் செல்வன் என்ற பெயர் ஏன் வந்தது? குழந்தைப் பருவத்தில் அவர் படகிலிருந்து காவிரியில் தவறி விழுகிறார். ஒரு பெண் அவரை நீரிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்து போகிறாள். காவிரித் தாயே காப்பாற்றினாள் என்று அரசகுடும்பம் நம்புகிறது; பெயரும் நிலைக்கிறது. உண்மையில் அவரைக் காத்தவள் மந்தாகினி என்னும் ஊமைப் பெண். சுந்தர சோழர் இளமையில் தீவொன்றில் தனித்துக் கிடந்தபோது அவரைப் பேணியவள். அவர் அரியணைக்குரியவரான பின் அவர் வாழ்விலிருந்து விலகிப் போனவள். ஆக, நூலின் தலைப்பிலேயே ஓர் இடமாற்றம் நிகழ்ந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய நன்றி ஓர் ஆற்றுக்குச் சேர்ந்துவிட்டது. பதினைந்து வயதில் நம் கண் குதிரையின் மீது இருந்தது. அந்த வயதுக்கு அதுவே இயல்பு. ஐம்பதைக் கடந்தபின் கண் தானாகவே அந்தப் பெண்மீது சென்று நிற்கிறது.

அவள் ஒருத்தி மட்டுமல்லள் என்பது கருதத்தக்கது. அவளுடைய தங்கை வாணி அம்மையும் பேச்சற்றவள். தஞ்சையில் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனின் தாயாக நாம் அவளைச் சந்திக்கிறோம். இறந்துவிட்டதாகக் கருதி, புதைப்பதற்காக அவள் கையில் ஒப்படைக்கப்பட்ட செம்பியன் மாதேவியின் குழந்தை உயிரோடிருக்கக் கண்டு, அதைத் தன் மகனாக வளர்த்தவள் அவள். மந்தாகினி ஈன்ற இரட்டையருள் ஆண்மகவோ அரண்மனையில் மதுராந்தகனாக வளர்கிறது. அரியணை யாருக்கு உரியது என்ற கேள்விக்காகச் சிற்றரசர்கள் சதி செய்கின்றனர், ஒற்றர்கள் அலைகின்றனர், வாசகர்களும் ஐந்து பாகங்கள் ஓடுகின்றனர். விடையோ தொடக்கம் முதலே, பேச முடியாத இரு சகோதரியரிடம் இருக்கிறது. சோழநாட்டில் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்பதற்குரியவர்களாகவே அவர்கள் கருதப்படவில்லை. கதைத்திறனுக்காகக் கல்கி செய்த ஏற்பாடு இது என்று சொல்லி அமைந்துவிடலாம். ஆனால் சிறந்த கதையாசிரியர்களின் ஏற்பாடுகள் அவர்கள் எண்ணியதைவிட மிகுதியாகவே பேசிவிடுகின்றன.

ஐந்தாம் பாகத்திற்குக் கல்கி இட்ட பெயர் ‘தியாக சிகரம்’. தமக்குக் கிடைக்கவிருந்த மணிமகுடத்தை அருள்மொழிவர்மர் தம் சிற்றப்பன் முறையினரான உத்தம சோழருக்கு விட்டுக்கொடுப்பதையே அப்பெயர் குறிக்கின்றது. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இராசேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த விட்டுக்கொடுத்தலைப் புகழ்ந்து பேசுகிறது. உத்தம சோழர் ஆண்டபின், 985-இல் அருள்மொழி இராசராசராக அரியணை ஏறினார். உயர்ந்த செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தியாகத்தின் இயல்பை உற்று நோக்குவோம். தமக்குரியதைத் தாமே விரும்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கொடுத்தபின் புகழ் வந்தது; செப்பேடு வந்தது; பின்னர் அரியணையும் வந்தது.

மந்தாகினியின் தியாகம் வேறு. துறப்பதற்கு அவளிடம் மகுடம் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு நாவும் இல்லை. அவள் உயிரோடிருப்பதை அறிந்த முதலமைச்சர் அநிருத்தர், அரசின் நன்மை கருதி அதை மன்னரிடமிருந்து மறைக்கிறார். ஈழத்தில் அவள் தன் வரலாற்றைச் சுவரில் சித்திரங்களாக வரைந்து வைக்கிறாள். அருள்மொழி அவற்றைக் கண்டே உண்மையை அறிகிறார். இறுதியில் தஞ்சை அரண்மனையில் மன்னரை நோக்கி எறியப்பட்ட வேலைத் தன் உடலில் ஏற்று உயிர் விடுகிறாள். கல்வெட்டுகளிலோ செப்பேடுகளிலோ அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள். அவள் கல்கியின் கற்பனைப் படைப்பு. ஆனால் அவள் போன்றவர்கள் எந்நாளும் கல்வெட்டில் கிடைப்பதில்லை என்பதால், இந்தக் கற்பனையே நூலின் மெய்யான வரலாறு என்று கூறத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் கல்கியோடு நமக்கொரு வழக்கும் உண்டு. மந்தாகினியை அவர் அன்பே உருவானவளாகப் படைத்தார். அவளுக்குச் சினத்தை மட்டும் அளிக்க மறுத்துவிட்டார். கைவிடப்பட்ட ஒருத்தி ஒருமுறையேனும் ‘ஏன்’ என்று கேட்கும் சைகையை நாம் எதிர்பார்க்கிறோம், அது வருவதில்லை. தொடக்கநூலில் பாலைநிலத்துக்கு ஓடிய ஆகார்கூடத் தன் துயரை வாய்விட்டுச் சொன்னாள். தன்னைக் காணும் கடவுளுக்குத் தானே ஒரு பெயரும் இட்டாள். மந்தாகினிக்கு அது வாய்க்கவில்லை. தாய்க்கு மறுக்கப்பட்ட சினம் மகள் நந்தினியிடம் போய்ச் சேர்கிறது. தாயின் சாயலைக் கொண்டே அவள் நள்ளிரவில் நோயுற்ற மன்னர்முன் ஆவிபோலத் தோன்றி அவரை வதைக்கிறாள். தாயை நாம் தொழுகிறோம், மகளை அஞ்சுகிறோம். இருவருடைய காயத்திற்கும் வேர் ஒன்றே என்பதைக் கல்கி காட்டியும் காட்டாமலும் கடந்து செல்கிறார். மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக அளித்த திரைப்படத்தில் இவ்விருவரையும் ஐஸ்வர்யா ராயே ஏற்று நடித்தது பொருத்தமானதே. ஆனால் சேந்தன் அமுதன் அரியணை ஏறும் கிளைக்கதையைத் திரைப்படம் விட்டுவிட்டதால், வாணி அம்மை காத்த மறைபொருளுக்கும் அங்கே இடமில்லாமற் போயிற்று. பேசாதவர்களே முதலில் விடுபடுகின்றனர் போலும்.

‘தியாகம்’ என்ற சொல்லை மறையுரை மேடையிலிருந்து அடிக்கடி ஒலிக்கச் செய்பவர்கள் நாம். ஆகவே இந்த மறுவாசிப்பு நம்மைச் சற்றே நிறுத்தி வினவுகிறது. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் இரவுமுறை முடித்து வந்து வீட்டாருக்கு உலை வைக்கும் பெண்ணையும், ஆண்டுகள் பல ஆலயத்தைப் பெருக்கி வரும் கைம்பெண்ணையும் தியாகிகள் என்று புகழ்வது எளிது. அத்தியாகம் அவர்கள் விரும்பி ஈந்ததா, மறுக்க வழியின்றி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதா? அன்பினால் தன்னையே வெறுமையாக்கிக்கொள்வது வேறு, வெறுமையாக்கப்படுவது வேறு. முன்னதைப் போற்றுவது பக்தி. பின்னதையும் அதே சொல்லால் போற்றினால், அநீதிக்குப் பொன்னாடை போர்த்தியவர்களாவோம்.

இந்நூலைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. எழுபது ஆண்டுகள் கடந்தும் இத்தகைய கேள்விகளை எழுப்பும் ஆற்றல் அதற்கு இருப்பதே அதன் உயர்வுக்குச் சான்று. கோடை விடுமுறையில் உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடட்டும்; அவர்களைத் தடுக்க வேண்டா. அவர்கள் படித்து முடித்ததும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஆற்றில் விழுந்த அந்தக் குழந்தையைத் தூக்கியவர் யார்? ‘காவிரி’ என்று விடை வந்தால், ஐந்து பாகங்களையும் நீங்களும் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து படியுங்கள்.