சிற்றிலும் சிறார் நெஞ்சமும்

பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களால் இயல்வது. காப்பு முதல் அம்புலி ஈறாகிய ஏழும் இருபாற்கும் பொதுவாம். ஏனைய மூன்றும் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வரும். இவற்றுள் சிற்றிற் பருவம் தனித்ததொரு நிலையினது. இதன்கண் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை, சிறுமியர் மணலால் இழைத்த வீட்டைக் காலால் அழிக்க வருகின்றான். அவர்கள் சிதைத்தல் வேண்டா என இரக்கின்றனர். இதனை மரபு பற்றியதோர் உறுப்பென்று அமைவாரும், உலகை ஒடுக்கும் இறைவன் தொழிலைக் குறிப்பதென்று தத்துவம் காண்பாரும் உளர். அவ்விரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும், பிறர் நோவைத் தன் நோவாக உணருமாறு குழந்தையைப் பழக்கும் கல்வி இப்பருவத்துள் அடங்கியிருத்தலை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்திலேம். அதனை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குப் பொருநையாற்று நாடு உரிய களமாகும். ஆறு கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே விளங்கும் செந்திலைப் பகழிக்கூத்தர் பிள்ளைத்தமிழாற் பாடினார். ஆற்றின் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர், மீனாட்சியம்மைக்கு ஒன்றும் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்றுமாகப் பெண்பாலும் ஆண்பாலும் பாடினார். நெல்லையில் அழகிய சொக்கநாத பிள்ளை காந்திமதியம்மையைப் பாடினார். குழந்தையின் ஆடலைப் பேரிலக்கியமாக்கும் வழக்கு இந்நாட்டில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை சான்று.

சிற்றில் சிதைத்தல் பிள்ளைத்தமிழுக்கு முன்னரே இலக்கியத்துட் காணப்படுவது. குறிஞ்சிக்கலியில், கலித்தொகையின் 51ஆம் பாட்டில், தலைவி தோழியிடம் இளமைச் செய்தியொன்று கூறுகின்றாள். தம் மணற்சிற்றிலைக் காலால் அழித்தும், கோதையைப் பறித்தும், பந்தைக் கவர்ந்தோடியும் வருத்திய சிறுவனே பின்னர் நீர் வேட்டவன்போல் வந்தான் என்கின்றாள். அங்கே சிதைவு குறும்பாக நினைக்கப்படுகிறது. பின் விளைந்த காதல் அன்றைய நோவை இனிதாக்கிவிடுகின்றது. இழைத்த கையின் வருத்தம் அப்பாட்டின் பொருள் அன்று.

அவ்வருத்தத்தைப் பொருளாக்கியவர் ஆண்டாள். பொருநை நாட்டிற்கு வடக்கே திருவில்லிபுத்தூரில் தோன்றிய அவர், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியைச் சிற்றில் இழைத்த சிறுமியரின் கூற்றாக அமைத்தார். வெண்மணலைத் தெள்ளியெடுத்ததும், தெருவிலே அழகுபட இழைத்ததும், நெடும்பொழுது அமர்ந்தமையால் உடல் நொந்ததும் கண்ணனுக்கு எடுத்துரைக்கப்படுகின்றன. அழித்தாலும் தமக்குச் சினம் இல்லை, நெஞ்சம் உருகுவதே உண்டு என்றும் அவர்கள் சொல்கின்றனர். இவ்விடத்து இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தீங்கு இழைப்போனுக்கு அறம் உரைக்கப்படவில்லை. செய்பொருளின் பின்னுள்ள உழைப்பே காட்டப்படுகின்றது. மற்றொன்று, நோவுற்றவர் நோவு செய்தவனைப் பகைத்திலர். இரக்கத்தைக் கேட்பவரே இரக்கம் உடையராய் நிற்றலால் அவர்தம் வேண்டுகோள் வலிமை பெறுகின்றது.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்நெறியைப் பருவமாக வரையறுத்துக்கொண்டனர். பத்துப் பாட்டும் வேண்டுகோளாகவே முடிதலின், சிறுவன் காலை மீட்டுக்கொண்டானா என்பது கூறப்படுவதில்லை. இது குறையன்று. பயன் கூறி முடித்திருப்பின் அது நீதிக்கதையாகிவிடும். கூறாது விடுத்தமையால் முடிவு குழந்தையின் நெஞ்சிற்கே விடப்படுகின்றது.

எட்டயபுரத்திற் பிறந்து நெல்லையிற் பயின்ற பாரதியாரின் பாப்பாப் பாட்டை இதனொடு ஒப்பு நோக்கலாம். குருவி, காக்கை, பசு, நாய் ஆகியவற்றின்பால் அன்பு கொள்ளுமாறும், பிற குழந்தையை வையாதிருக்குமாறும் அப்பாட்டு கற்பிக்கின்றது. ஆயினும் அங்கே பேசுபவர் முதியவர், கேட்பது குழந்தை. சிற்றிலிலோ குழந்தைக்குக் குழந்தையே ஆசிரியர், மணல்வீடே பாடநூல். கலையே கல்விக்கு அடிப்படையாதல் வேண்டும் என்று எர்பர்ட்டு ரீடு என்னும் ஆங்கில அறிஞர் 1943இல் தம் நூலில் வற்புறுத்தினார். சிற்றிற் பாடல்கள் இவ்வுண்மையை நமக்கு அண்மையில் வைத்துக் காட்டுகின்றன.

எனினும் இம்மரபின் குறையொன்றை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. இழைப்பவர் எஞ்ஞான்றும் சிறுமியர். அழிப்பவன் எஞ்ஞான்றும் சிறுவன். அவன் கைக்குப் பறையும் தேரும் கொடுக்கப்படுகின்றனவே அன்றி, ஒருபிடி மணல் கொடுக்கப்படவில்லை. தான் இழைத்தறியாதவன் இழைப்பின் அருமையைப் பிறர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும். மேலும், பொறுத்து இரத்தல் பெண்மக்களுக்கே உரிய கடன் என்னும் தவறான எண்ணத்திற்கும் இஃது இடந்தரும். பாட்டியல் நூல்களுட் சில சிற்றில் இழைத்தலையும் சிறுசோறு ஆக்கலையும் பெண்பாற்கு உரியனவாகக் கூறுதலும் இப்பிரிவினையையே காட்டும்.

இன்று பள்ளிகளில் களிமண்ணும் வண்ணமும் கொண்டு குழந்தைகட்கு அன்பைப் பயிற்றும் முயற்சிகள் நிகழ்கின்றன. அம்முயற்சிகளை மேற்கொள்வார் சிற்றிற் பருவத்தினின்றும் கொள்ளத்தக்கது ஒன்று, திருத்தத்தக்கது ஒன்று. செய்து முடித்த உருவின்மீது நீதியை ஒட்டவைத்தல் வேண்டா. உடைந்தபோது செய்தவர் வாய்மொழியைக் கேட்கச் செய்தலே போதும் என்பது கொள்ளத்தக்கது. ஆண்மகவும் மணலில் அமர்ந்து தன் கை நோவ ஒரு வீடு இழைத்தல் வேண்டும் என்பது திருத்தத்தக்கது. அங்ஙனம் இழைத்தவன் பிறர் சிற்றிலின் முன் வந்துழி, வேண்டுவார் இல்லையேனும் அவன் கால் தானே நிற்கும்.