தொகையும் விரியும்: விக்கிகளின் பகுப்பு முறை பற்றிய ஓர் ஆய்வு

செய்திகளைத் திரட்டுதல் ஒரு பணி. திரட்டியவற்றை வேண்டுங்கால் எடுத்துக்கொள்ளுமாறு நிரல்பட வைத்தல் பிறிதொரு பணி. முன்னது உழைப்பால் முடியும். பின்னதற்கு நெறியும் வேண்டும். இதனை நன்குணர்ந்தமையாலன்றோ திவாகர நிகண்டின் ஆசிரியர் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொடங்கிச் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாக வகுத்தார்! 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியில் ஆ. சிங்காரவேலு முதலியார் அகர நிரலை மேற்கொண்டார். வகுத்தவர் ஒருவராகலின் அவ்வப் பெருநூலின் நெறியும் ஒன்றாயிற்று.

2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை வேறு. அதனை எழுதுவோர் பலர்; திருத்துவோரும் பலர்; ஒருவரையொருவர் கண்டறியாதவர். இத்தகைய கூட்டு முயற்சியில் நெறியைக் காத்துநிற்கும் பொறுப்பின் பெரும்பகுதி, விக்கியை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின்மேல் வந்து விழுகின்றது. அக்கட்டுரைகளின் நிறைகுறை ஈண்டு எம் ஆராய்ச்சிப் பொருளன்று. அவற்றை நிரல்படுத்தும் கருவிகளுள் தலையாயதாகிய பகுப்பு ஒன்றனையே எடுத்துக்கொள்கின்றோம். முதுகலை மாணவரும் ஆய்வாளரும் தரவு திரட்டும்பொழுது பெரிதும் இதனையே நம்பிச் செல்வதால், இதன் இயல்பை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

பகுப்பின் அமைப்பு மிக எளியது. ஒரு பக்கத்தின் இறுதியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் பகுப்பின் பெயரை எழுதினால், மென்பொருள் அப்பெயருடைய பக்கங்களையெல்லாம் ஓரிடத்தே திரட்டிக் காட்டும். ஒரு பக்கம் பல பகுப்புகளிலும் நிற்கலாம். ஒரு பகுப்பு மற்றொரு பகுப்பினுள்ளும் அடங்கலாம். 2004 முதல் மீடியாவிக்கியில் வழங்கிவரும் இவ்வசதி கற்றோர்க்கும் மற்றோர்க்கும் ஒருங்கே கைவருவது. அதன் பெருமை அதுவே. குறையும் ஆண்டே தோன்றுகின்றது.

பகுப்பு 'இது இதனைச் சார்ந்தது' என்று மட்டுமே கூறும். எவ்வாறு சார்ந்தது என்பதையோ, எப்பொழுது சார்ந்தது என்பதையோ தானாகக் கூறாது. தமிழிலக்கணம் பயின்றார்க்கு இந்நிலை புதியதன்று. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கும். மறைந்த உருபு யாதென்பதை விரித்தே உணர்தல் வேண்டும். 'மரவேலி' என்னும் ஒரு தொடர், மரத்தைக் காக்கும் வேலி, மரத்தாலாகிய வேலி, மரத்தின் புறத்து வேலி எனப் பலவாறு விரியும். தொகை ஏழு பொருள்வரை மயங்குதல் கூடும் என்பது நன்னூலார் கொள்கை. பகுப்பு என்பது ஒரு தொகையே. உருபு கரந்து நிற்கும் தொகை என்பது எம் துணிபு.

இதனைச் சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரத்தை வைத்து விளக்குவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி இன்று தாம்பரத்தில் இருத்தலின், அதன் பகுப்பைத் 'தாம்பரம்' என்னும் பகுப்பினுள் வைத்தல் இயல்பாகத் தோன்றும். அக்கல்லூரியில் பயின்று, பின் அங்கேயே தமிழாசிரியராக விளங்கிய பரிதிமாற் கலைஞரைக் கல்லூரியின் பகுப்பினுள் வைத்தலும் இயல்பே. தனித்தனியே நோக்கின் இரண்டிலும் பிழையில்லை. ஆயின், தாம்பரத்திலிருந்து படிப்படியாக உள்ளிறங்கித் தேடும் மாணவன் கையில் பரிதிமாற் கலைஞர் தாம்பரத்துச் சான்றோராக வந்து நிற்பார். கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937-இல். பரிதிமாற் கலைஞர் மறைந்தது 1903-இல். முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைப்பட்டிருத்தலைப் பகுப்பு அறியாது. பிழையற்ற இரு கூற்றுகள் சேர்ந்து பிழையான முடிபொன்றை ஈன்றமை காண்க.

மறைமலையடிகளின் செய்தி இதனினும் நுண்ணியது. அடிகள் அக்கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றினார். பின்னர்ப் பல்லாவரத்திற் குடியமர்ந்தார். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பெற்றுத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. ஆகவே, கல்லூரி வழியாகவும் பல்லாவரம் வழியாகவும் அடிகள் தாம்பரத்தை அடைதல் கூடும். முதல் வழி பொய். இரண்டாம் வழியோ, அடிகள் வாழ்ந்த ஊர் இன்றைய மாநகராட்சியினுள் அடங்கியது என்னும் அளவில் மெய். மென்பொருளின் கண்ணுக்கு இரு வழியும் ஒன்றே!

காலத்தால் வரும் மயக்கம் மாவட்டப் பெயர்களில் இன்னும் மிகும். அடிகள் வாழ்ந்த நாளில் பல்லாவரம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1997-இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்டபொழுது காஞ்சிபுரத்தின்பாற் சென்றது. 2019 நவம்பர் 29-இல் புதிய செங்கல்பட்டு மாவட்டம் தோன்றவே அதனுட் சேர்ந்தது. பெயரால் ஒன்றாயினும் எல்லையால் வேறாகிய இரு மாவட்டங்கள் இவை. ஊர்ப் பக்கங்களின் பகுப்பை மாற்றுவோர் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுவர். பழைய நிலை அப்பக்கத்தின் வரலாற்றுப் பதிவில் புதைந்து கிடக்குமேயன்றிப் பகுப்பிற் காணப்படாது.

இக்குறையைக் களைய முயன்றோர் இலர் என்பதன்று. பகுப்பின் பெயரிலேயே உறவை விரித்து எழுதும் வழக்கம் விக்கிகளில் உண்டு. 'கல்லூரி' என வாளா கூறாது, 'கல்லூரியிற் பயின்றோர்', 'கல்லூரி ஆசிரியர்' எனப் பிரித்துரைப்பது போல்வன. இது விரியை நோக்கிய முதற்படி. அடுத்த படியை 2005-இல் வெளிவந்த செமாண்டிக் மீடியாவிக்கி என்னும் துணைமென்பொருள் எடுத்துவைத்தது. அதில் ஓர் இணைப்பை எழுதுங்கால், அவ்விணைப்பு எத்தகைய உறவைக் குறிக்கின்றது என்பதையும் உடன் எழுதலாம். தொக்க உருபை வாக்கியத்தின் இடையிலேயே விரித்துக் காட்டும் உரைக்குறிப்பு முறை இது.

2012-இல் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு இந்நெறியை மேலும் வளர்த்தது. அங்கே 'பயின்ற இடம்', 'பணிபுரிந்த இடம்', 'வாழிடம்' என உறவுகள் வெவ்வேறாக நிற்கின்றன. ஒவ்வொரு கூற்றுக்கும் தொடக்க ஆண்டும் முடிவாண்டும் சான்றும் இணைக்க இடமுண்டு. ஒன்றோடொன்று முரணும் கூற்றுகளை ஒருங்கே வைத்து, ஏற்புடையது இது, தள்ளத்தக்கது இது எனத் தரங்காட்டவும் வழியுண்டு. பிறர் கொள்கையை மறைக்காது எடுத்துரைத்துப் பின் மறுக்கும் நம் உரையாசிரியர் மரபுக்கு இஃது அணித்தாதல் காணலாம்.

எனினும், விரியே என்றும் சிறந்தது எனக் கொள்ளின் தவறாம். தொகை சுருங்கியது, எழுதுவார்க்கு எளியது. ஒவ்வொரு கூற்றையும் உறவு, காலம், சான்று என முக்கூறாக்கி எழுதுக எனப் பணித்தால், தம் ஊரைப் பற்றி அன்பால் எழுத வந்த குரோம்பேட்டை வாசி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார். எழுதுவார் இல்லாத இடத்தில் நிரல்படுத்தவும் ஒன்றும் இராது. மேலும், விக்கித்தரவின் குறிப்புகள் கட்டுரைக்குப் புறத்தே வேறோரிடத்தில் வாழ்கின்றன. தமிழ்க் கட்டுரையைத் திருத்துபவர் அவற்றைக் காணாமலே போதல் கூடும். அப்பொழுது நூலொருபாலும் உரையொருபாலுமாகப் பிரிந்து நிற்கும்.

ஆகலின் எம் முடிபு இதுவாம். பகுப்பு தேடுதற்குரிய கருவி; நிறுவுதற்குரிய சான்றன்று. ஒரு பகுப்பினுள் ஒரு பெயர் இருத்தலைக் கண்ட மாணவன், அங்கே தொக்கு நிற்கும் உறவு யாது, அவ்வுறவு நிகழ்ந்த காலம் யாது என வினாவி, பக்கத்தினுட் புகுந்து விடை கண்ட பின்னரே தன் ஏட்டில் எழுதுதல் வேண்டும். விக்கியில் எழுதுவோரோ, இடத்தைச் சார்ந்த நிறுவனத்தையும் நிறுவனத்தைச் சார்ந்த மாந்தரையும் ஒரே வரிசையிற் கோத்தலைத் தவிர்த்து, மாந்தர் பகுப்பின் பெயரில் உறவை விரித்தெழுதுதல் நன்று. மாவட்டமும் மாநகராட்சியும் மாறுந்தோறும் பழையதை அழித்தொழியாது, இன்ன ஆண்டு வரை இன்ன மாவட்டம் எனக் கட்டுரையிலேயே ஒரு தொடர் எழுதிவைத்தல் அதனினும் நன்று. பரிதிமாற் கலைஞர் தாம் பணியாற்றாத ஊருக்கு உரியராகக் காட்டப்படுதல் அவர்க்குப் பெருமையாகாது, அவ்வூர்க்கும் ஆகாது.