ஏழு விரல் கை: குழந்தையின் ஓவியத்தை ரசிப்பது எப்படி?

என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும். மாதக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டை வரைந்திருந்தாள். அப்பா, அம்மா, தாத்தா, தம்பி யாருக்குமே கை இல்லை. அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு கை பாதம் வரை நீண்டிருந்தது. அதில் ஏழு விரல்கள்.

“ஒரு கைக்கு அஞ்சு விரல்தானே பாப்பா?” என்றேன். பதில் சொல்லவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிள்ளைகளின் கற்பனை வளர வேண்டும் என்று வண்ணப்பெட்டி வாங்குகிறோம், ஓவிய வகுப்பில் சேர்க்கிறோம். ஆனால் முன்வரிசையில் தாளம் போட்டுக் கேட்கும் ரசிகர் ஒருவர் இருந்தால்தான் பாடகருக்கு அடுத்த சங்கதி தானாக வரும். வீட்டில் வரையும் குழந்தைக்கும் முதலில் வேண்டியது அப்படி ஒருவர்தான். அந்த ரசனையைப் பழகிக்கொள்ளலாம்.

கிறுக்கலில் கையைக் கவனியுங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை கிறுக்கும்போது தாளைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். முதலில் முழுக் கையும் வீசும். கோடுகள் தாளைத் தாண்டித் தரைக்கும் போகும். போகப் போக அசைவு மணிக்கட்டுக்கு இறங்கும், கோடு அடங்கும். மூன்று வயதையொட்டி ஒரு நாள், புறப்பட்ட இடத்துக்கே கோடு திரும்பி வந்து வட்டம் மூடிக்கொள்ளும். உள்ளே, வெளியே என்ற இரண்டும் அந்தத் தாளில் அன்றுதான் பிறக்கின்றன. கொண்டாட வேண்டிய நாள் அது.

ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க ஆசிரியை லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைத் திரட்டி ஆராய்ந்தவர். கிறுக்கல்களில் மட்டும் 20 அடிப்படை வகைகளை அவர் பிரித்துக் காட்டினார். வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் முளைத்துச் சூரியன் ஆவதும், அந்த வடிவத்திலிருந்தே மனித உருவம் கிளைப்பதும் அவர் கண்ட வரிசை. தலையிலிருந்து நேரே கால் முளைத்த மனிதனை உங்கள் பிள்ளை வரைந்தால் “வயிறு எங்கே?” என்று கேட்காதீர்கள். சூரியன் மனிதனாகிக்கொண்டிருக்கிறான்.

கண்ணுக்குத் தெரிவதல்ல, மனசுக்குத் தெரிந்தது

பேருந்தைப் பக்கவாட்டில் வரைந்துவிட்டு நான்கு சக்கரங்களையும் காட்டும் குழந்தை, சுவரை மீறி உள்ளே தூங்கும் தம்பியைக் காட்டும் குழந்தை, இரண்டும் தப்பாக வரையவில்லை. குழந்தை கண்ணில் படுவதை வரைவதில்லை. தனக்குத் தெரிந்ததை வரைகிறது. இதைப் பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்ரி லுக்கே 1927-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். பேருந்துக்கு நான்கு சக்கரம் இருப்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

பெரியவர்களும் இப்படி வரைந்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்தியரான நெபாமுனின் கல்லறை ஓவியம் ஒன்று இருக்கிறது. சுமார் 3,350 ஆண்டுகள் பழமையானது. அதில் தோட்டத்துக் குளத்தை மேலிருந்து பார்க்கிறோம். அதே குளத்து மீன்களையும் வாத்துகளையும் பக்கவாட்டில் பார்க்கிறோம். கரை மரங்கள் சில படுத்துக் கிடக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் உள் சுற்றில் சோழர் கால ஓவியர் சுந்தரரின் கதையைத் தீட்டியிருக்கிறார். கல்யாண வீட்டு வழக்கு முதல் வெள்ளை யானையில் கயிலை போவது வரை எல்லாம் ஒரே சுவரில். உங்கள் பிள்ளை ஒரே தாளில் காலையில் பள்ளிக்குப் போவதையும் மாலையில் திரும்புவதையும் வரைந்தால், அதைத் தஞ்சைச் சுவரைப் பார்க்கும் கண்ணோடு பாருங்கள்.

அளவையும் அப்படியே படியுங்கள். நம் சிற்பங்களில் கடவுள் பெரிதாகவும் அடியார் சிறிதாகவும் இருப்பதுபோல, குழந்தையின் தாளில் முக்கியமானவர் பெரியவர். ஆனால் ஜோசியம் பார்க்காதீர்கள். கறுப்பில் வரைந்தால் பிள்ளைக்குச் சோகம் என்று பொருளில்லை. கைக்கெட்டிய வண்ணக்குச்சி கறுப்பாக இருந்திருக்கலாம்.

இரண்டு மலை, நடுவே சூரியன்

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓடை, குடிசை, சாய்ந்த தென்னை. எந்த ஊர்ப் பிள்ளையும் “இயற்கைக் காட்சி” என்றால் இதைத்தான் வரையும். பார்த்து வரைந்தது அல்ல, சொல்லிக் கொடுத்தது. இதைக் கொண்டுவந்து நீட்டினாலும் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பாடத்திலிருந்து பிள்ளை எங்கே விலகியிருக்கிறது என்று தேடுங்கள். குடிசைக்கு மேல் டிஷ் ஆன்டெனா இருக்கலாம், ஓடையோரம் தண்ணீர் லாரி நிற்கலாம். உங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

“சூப்பர்” என்று முடிக்காதீர்கள்

“சூப்பர்!” என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. “என்ன இது?” என்றால் தான் வரைந்தது புரியவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கண்ணில் பட்டதைச் சொன்னாலே போதும்: “இந்தக் கோடு மேல ஏறி, சுத்திட்டு, திரும்ப இறங்குதே.” பிறகு, “இது என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். பிறகு சும்மா இருங்கள். கதை தானாக வரும். ரப்பரை எடுத்துத் திருத்துவது மட்டும் வேண்டாம்.

வாசலும் அடுக்களையும்

செலவு பெரிதாக இல்லை. காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், உடைந்த சாக்பீஸ் போதும். கோலம் போட்டு முடித்ததும் மிச்ச மாவைப் பிள்ளையிடம் கொடுத்து, வாசலில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் அல்லவா? அதை நீங்கள் கலந்து காட்டுங்கள். நிறம் மாறும் நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வரைந்ததைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு, பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள்.

ஒன்பது, பத்து வயதில் “எனக்கு வரைய வராது” என்று பல பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். இருப்பதுபோலவே வரைய வேண்டும் என்ற ஆசை வந்து, கை அதற்கு ஈடு கொடுக்காத வயது அது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள். ஒரு செம்பருத்தியை நடுவில் வைத்து, பத்து நிமிடம் இருவரும் அதையே பாருங்கள். இரண்டு தாளிலும் இரண்டு விதமாகப் பூ இருக்கும். இரண்டும் சரிதான் என்பதை அப்போது சொல்லத் தேவையிருக்காது.

தேதி போட்டு வையுங்கள்

ஓவியர் பால் கிளே 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, சிறுவயதில் வரைந்த சில படங்களையும் அதில் சேர்த்தார். நம் பிள்ளை வரையும் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. மாதம் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பின்பக்கம் தேதியும், பிள்ளை சொன்ன வார்த்தையும் எழுதி வையுங்கள்.

கவிழ்த்துவிட்டுப் போன தாளை மறுநாள் எடுத்து வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இந்தக் கை என்ன பண்ணுது?” என்று கேட்டேன்.

“சோறு உருட்டுது.” ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டினாள். “இது அப்பாவுக்கு, இது உனக்கு, இது தாத்தாவுக்கு, இது தம்பிக்கு, இது எனக்கு, இது அப்பத்தாவுக்கே.” கடைசி விரலில் நின்றாள். “இது காக்காவுக்கு.”

அதை அப்படியே தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.