முயலகனும் பிரம்பும்

வலிப்பு நோயை நம் முன்னோர் 'முயலகன்' என்றனர். கொல்லிமழவன் மகளின் முயலகனைச் சம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். நம் கதாசிரியர் பலரும் அப்பாற் செல்லவில்லை. அவர்தம் கதைகளில் வலிப்பென்றால் வீழ்ச்சி, நுரை, கையில் இரும்பு, அவ்வளவே!

சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வகைப்பாடோ வேறு வினா எழுப்புகிறது: வலிப்பு தொடங்குவது மூளையின் ஒரு பாதியிலா, இரு பாதிகளிலுமா? இரண்டாவதில் ஒரு வகை, பிள்ளைகளிடம் சில விநாடி வெறித்த பார்வையாகவே தோன்றி மறையும். வீழ்ச்சியில்லை, நுரையில்லை. வகுப்பறையில் அப்பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் 'கவனமற்றவன்', மருந்து, பிரம்பு!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அந்த மண்ணில் இவ்வறிவு ஆசிரியரை எட்டாதிருப்பது தகுமா? எழுத்தாளரே, அந்த மௌன வலிப்பையும் எழுதுங்கள். ஒரு பிள்ளையேனும் அடிக்குத் தப்பும்.