காதுக்குள் வந்து உட்காரும் பேய்கள்

செத்தவனுக்கு முதலில் காதைச் சோதிக்கிறார்கள். ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’ நாவலில் மறுவுலகம் நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரிதான் இருக்கிறது: முடியாத வரிசை, கத்தும் கூட்டம், எந்தக் கவுன்டருக்குப் போவதென்று தெரியாமல் திணறும் ஆவிகள். அங்கே 42-ஆவது மாடிக்குப் போய்க் காதைக் காட்ட வேண்டும். ஒவ்வொருவர் காதின் மடிப்பிலும் அவரவர் கதை பதிந்திருக்குமாம். இதை நான் படிக்கவில்லை, கேட்டேன். கேட்ட நொடியில் கை தானாகப் போய் என் காதுமடலைத் தடவிப் பார்த்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. விடவும் வேண்டாம்!

நான் பெங்களூரு மர்பி டவுனில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவள். கீழ் ஓரம் மெஷினில் ஒரே ஓட்டு. மேல் ஓரத்தைக் கையால்தான் ஹெம்மிங் பண்ண வேண்டும். சேலையில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுத்து, முன்பக்கம் தையல் தெரியாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். இந்தப் பேட்டையில் காது சும்மா இருப்பதும் அபூர்வம்தான். ஆடி மாதம் கூழ் ஊற்றும் மைக் செட், கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, பாங்கு, மார்க்கெட் சத்தம், தமிழும் கன்னடமும் உருதும் ஒரே வாக்கியத்தில் கலந்து போகும் சண்டைகள். இதற்கு நடுவே இயர்போனைச் செருகிக்கொண்டு பேய்க்கதை கேட்பதில் இருக்கும் சுகத்தை எப்படிச் சொல்ல!

அதிலும் நான் தேடித் தேடிக் கேட்பது இரண்டு வகை. ஒன்று, பால்புதுமையர் திகில் கதைகள். இன்னொன்று, மனிதரை மெல்ல மெல்ல வளைத்துத் தன் பிடிக்குள் போட்டுக்கொள்ளும் கூட்டங்களைப் பற்றிய கதைகளும் வரலாறுகளும். இரண்டும் வேறு வேறென்று முதலில் நினைத்திருந்தேன். கேட்கக் கேட்க இரண்டும் ஒன்றாகவே போய் முடிகின்றன.

மாலி அல்மெய்டாவுக்கு வருகிறேன். 2022-இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். அதற்கு முன்பே, 2020-இல், இதன் முதல் வடிவம் ‘சாட்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் இந்தியாவில் வந்துவிட்டது. 1990, கொழும்பு. மாலி ஒரு போர்க்கால ஃபோட்டோகிராபர், சூதாடி, ஆண்களை விரும்பும் ஆண். கண் விழிக்கும்போது செத்துக் கிடக்கிறான். கொன்றது யாரென்று தெரியாது. அவன் உடம்பைத் துண்டாக்கிப் பெய்ரா ஏரியில் வீசுகிறார்கள். அவனுக்கு இருப்பது ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள். அதற்குள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்கள் வெளியே வந்தாக வேண்டும். அந்தப் படங்களைத் தேடி எடுக்க வேண்டியவர்களில் ஒருவன் டிடி, தமிழ் அமைச்சரின் மகன், மாலியின் காதலன்.

இந்த நாவல் முழுக்க ‘நீ’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. தாளில் அது எழுத்தாளர் கையாண்ட ஒரு உத்தியாகத் தெரியலாம். காதில்? ஷிவந்த விஜேசிங்ஹ என்கிற இலங்கைக்காரர் வாசித்திருக்கிறார். கொழும்பு ஆங்கிலத்தின் இழுவையும் கிண்டலும் அப்படியே இருக்கும் குரல். அவர் ‘நீ செத்துவிட்டாய்’ என்கிற தோரணையில் பேசத் தொடங்கினால் அது மாலிக்குச் சொல்வதா எனக்குச் சொல்வதா என்றே தெரியவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டே பெய்ரா ஏரிக் காட்சியைக் கேட்டேன். தண்ணீர்ப் பக்கம் திரும்பவே முடியவில்லை, கண்ணை நேரே வைத்துக்கொண்டு நடந்தேன். இப்படி ஒரு அனுபவத்தை எந்த சினிமாவும் எனக்குக் கொடுத்ததில்லை.

இதில் ஆவிகளுக்கு ஒரு சட்டம் உண்டு: தன் பெயரை யாராவது உச்சரித்தால் அங்கே போய்விடலாம். இன்னொரு வித்தையும் உண்டு, கஷ்டப்பட்டுக் கற்க வேண்டியது: உயிரோடிருப்பவர் காதில் கிசுகிசுப்பது. இந்த வித்தையைக் காட்டித்தான் சேனா ஆள் பிடிக்கிறான். சேனா ஜேவிபி என்கிற இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்துக்காரன், கொல்லப்பட்டவன், குப்பைப் பைகளை மேலங்கியாகப் போட்டுக்கொண்டு திரியும் ஆவி. அநியாயமாகச் செத்தவர்களை ஒன்று சேர்த்துப் பழிவாங்கும் படை திரட்டுகிறான். மாலியின் தோளில் கை போடுகிறான். ‘உன் வலி எனக்குத் தெரியும், நான் மட்டும்தான் உதவுவேன், மற்றவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள்’ என்கிற தொனியிலேயே பேசுகிறான். எவ்வளவு இதமான குரல்! நானே கூடப் போயிருப்பேன். அந்தப் பக்கம் நின்று மாலியை வெளிச்சத்துக்குக் கூப்பிடுகிறவர் டாக்டர் ராணி, கொல்லப்பட்ட தமிழ்ப் பேராசிரியை. கருணாதிலக இவரை ரஜனி திராணகமவை மனதில் வைத்தே எழுதினார். ரஜனி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர், ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர், 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் 35 வயதில் சுட்டுக்கொல்லப்பட்டவர். எந்த ஆயுதக் கூட்டத்துக்கும் வாயை அடமானம் வைக்காத ஒரு பெண் செத்த பிறகும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆவிகளோடு மல்லுக்கு நிற்பதைக் கேட்கையில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

கூட்டம் என்பது காது வழியாகத்தான் உள்ளே வரும். அதனால்தான் இந்தக் கதைகளைக் காதால் கேட்கச் சொல்கிறேன்.

எனக்கு இது தெரியும். இருபது வயதில் நான் யாரை விரும்புகிறேன் என்று வீட்டுக்குத் தெரிந்ததும் ஒரு ஜெபக் குழு வீடு தேடி வந்தது. அடிக்கவில்லை, அதட்டவில்லை. தலையில் கை வைத்து, “உனக்குள்ள இருக்கறது நீ இல்லம்மா, அது வேற. அது வெளியே போயிட்டா நீ நீயாயிடுவே” என்றார்கள். வாரா வாரம், அதே மென்மையான குரல், அதே வார்த்தைகள். கொஞ்ச நாளில் அவர்கள் இல்லாத நேரத்திலும் அந்தக் குரல் எனக்குள் பேச ஆரம்பித்தது. அதை வெளியேற்ற எனக்குப் பல வருஷம் ஆனது.

கயானாவில் நடந்த ஜோன்ஸ்டவுன் கதையை ஒலிநூலாகக் கேட்டபோது இதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவன் ஜிம் ஜோன்ஸ் அங்கே ஒலிபெருக்கி கட்டி வைத்திருந்தான். வயலில் வேலை செய்யும்போதும் அவன் குரல், ராத்திரி படுத்தாலும் அவன் குரல், அவன் பேசாத நேரத்தில் அவன் பேசிய டேப். 1978 நவம்பர் 18 அன்று 900-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்தார்கள், குழந்தைகள் மட்டுமே ஏறக்குறைய 300 பேர். ‘எப்படித்தான் இத்தனை பேர் நம்பினார்களோ’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரே குரலை இரவும் பகலும் கேட்டுப் பாருங்கள். அமாண்டா மான்டெல் 2021-இல் எழுதிய ‘கல்ட்டிஷ்’ நூல் முழுக்க இதைத்தான் பிரித்துப் போட்டுக் காட்டுகிறது: தங்களுக்கென்று தனிச் சொற்கள், கேள்வி வந்தால் வாயை அடைக்க ஒரு தயார் வாக்கியம். அதைக் கேட்டுக்கொண்டே என் ஜெபக் குழுவின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். உடம்பே லேசாகிவிட்டது!

ஆனால் வரலாறு தராத ஒன்றைத் திகில் கதை தருகிறது. சக் டிங்கிளின் ‘கேம்ப் டமாஸ்கஸ்’ (2023) கேளுங்கள். வாசித்தவர் மாரா வில்சன். ஆமாம், 1996-இல் வந்த ‘மட்டில்டா’ படத்தில் நடித்த அதே குட்டிப் பெண்! மொன்டானாவில் ஒரு சின்ன ஊர், அதை ஆளும் ஒரு சபை, அந்தச் சபை நடத்தும் முகாம். தன்பால் ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறோம், நூற்றுக்கு நூறு வெற்றி என்று அந்த முகாம் பெருமையடிக்கிறது. ரோஸ் என்கிற பக்தியுள்ள பெண் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பூச்சிகளாக வாந்தியெடுக்கிறாள். சிவப்பு டி-ஷர்ட்டும் பெயர் அட்டையும் மாட்டிக்கொண்டு ஒரு வெளிறிய பிசாசு மரங்களுக்கிடையே நின்று அவளைப் பார்க்கிறது. வேலைக்கு வந்த ஆள் போல, பெயர் அட்டையோடு ஒரு பிசாசு! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அங்கேதான். மாரா வில்சன் ரோஸின் குரலை ஒரு இம்மி கூட உயர்த்துவதில்லை. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தபடி நம்பும் பெண்ணின் சமனான, சுத்தமான குரல். அந்தச் சமனில் ஒரு விரிசல் விழும் இடம் வரும். சொல்ல மாட்டேன், நீங்களே கேட்க வேண்டும்.

எனக்குள் பேய் இருப்பதாகச் சொன்னார்களே, அந்தப் பேய் அவர்கள் கையில் கட்டி வைத்திருந்த பேய் என்று ஒரு கதை சொல்கிறது! முப்பது புத்திமதிப் புத்தகம் சேர்ந்தாலும் இதைச் செய்ய முடியாது. இது அமெரிக்கக் கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, இப்படி ‘குணப்படுத்தும்’ மருத்துவ முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. டாக்டர்களுக்குச் சட்டம் வந்தது. வீடு தேடி வரும் மென்மையான குரலுக்கு எந்தச் சட்டம் வரும்? அதற்கு இந்தக் கதைதான் மருந்து.

வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ அடுத்த அதிசயம். இவரும் இலங்கைக்காரர், இந்த முதல் நாவலுக்கே நெபுலா விருது. பிறந்த குழந்தையின் நிழலைத் தாய் ஆணியடித்துப் பிய்த்து எடுக்கிறாள். தகப்பன் ஒரு மதத்தின் தலைவன், ஊரே கும்பிடும் மகான். அவனைக் கொல்வதற்கென்றே தாய் பிள்ளையை வளர்க்கிறாள். தகப்பன் கூட்டம் ஒரு பக்கம், தாயின் பழி ஒரு பக்கம். இரண்டிலிருந்தும் தப்பி, ஃபெட்டர் என்கிற அந்தப் பிள்ளை ஒரு நகரத்துக்கு வந்து, தன் ஆண் காதலனோடு ஒரு சாதாரண வாழ்க்கை வாழப் பார்க்கிறான். தீர்க்கதரிசனத்துக்குப் பிறந்து, அதில் தோற்றவர்களுக்கென்றே அந்த ஊரில் ஒரு ஆதரவுக் குழு இருக்கிறது! வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். ஆளைப் பிடிக்காத, கேள்வி கேட்டால் கோபப்படாத, எழுந்து போனால் துரத்தாத ஒரு குழு. அப்படி ஒன்றை நானும் பிற்பாடு கண்டடைந்தேன், அதனால் அந்த அத்தியாயம் எனக்குத் தேன்.

நம் ஆட்கள் இதையெல்லாம் எப்போது செய்தார்கள் என்று கேட்டால், ‘காஞ்சனா’ இருக்கிறதே! 2011-இல் லாரன்ஸ் எடுத்த படம். பெற்றவர் துரத்த, ஒரு முஸ்லிம் பெரியவர் வளர்க்க, தான் சம்பாதித்து இன்னொரு திருநங்கையை டாக்டருக்குப் படிக்க வைக்கும் காஞ்சனாவாக சரத்குமார். நிலத்துக்காகக் கொன்று புதைத்தவர்களைத் தேடி வரும் அந்த ஆவிக்கு தியேட்டரில் விசில் அடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ராஜஸ்தானியில் விஜய்தான் தேத்தா எழுதிய ‘தோஹ்ரி ஜூன்’ இன்னும் பழைய மண்ணிலிருந்து வருகிறது. மணமுடித்துக்கொண்ட இரண்டு பெண்களை ஊர் ஏற்காது. பேய்கள் அடைக்கலம் கொடுக்கும். ஊரை விடப் பேய் நல்லது என்று ஒரு நாட்டுப்புறக் கதைசொல்லி நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைத் தமிழில் யாராவது நல்ல குரலில் வாசித்துக் கொடுத்தால் மர்பி டவுனில் வீடு வீடாகப் போய்ப் போட்டுக் காட்டுவேன்.

என்னோடு இருப்பவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல், கேட்டதை நான் தமிழில் சொல்வேன். சேனா வரும் இடத்தில் அவள் குறுக்கிட்டு, “அவன் பேச்சை நம்பாதேன்னு அந்தப் பையன்கிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்!” என்றாள். ராணி அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றேன். “அந்தம்மா இன்னும் சத்தமா சொல்லணும்” என்றாள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: முதலில் மாலி அல்மெய்டா. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள், விஜேசிங்ஹ நிறுத்தும் இடங்களில்தான் பேய் நிற்கிறது. கேம்ப் டமாஸ்கஸைப் பகலில் கேளுங்கள். இப்படிப்பட்ட நினைவுகள் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது கேளுங்கள், பாதியில் நிறுத்தவும் தயங்காதீர்கள். காசு செலவழிக்க யோசனையாக இருந்தால் ‘கார்மிலா’ இருக்கிறது. டிராகுலாவுக்கு 25 வருஷம் முன்பே, 1872-இல், ஐரிஷ்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய, ஒரு பெண்ணை விரும்பும் பெண் ரத்தக்காட்டேரியின் கதை. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். அளவில் சின்னது, ஒரு கல்யாண ஆர்டருக்கு ஃபால்ஸ் தைத்து முடிப்பதற்குள் கேட்டுவிடலாம்.